யாருடைய முழம்?

திங்கள்

"எங்களுக்குத் தண்ணி எங்கயிருந்து வருது? கீறுங்கோ" என்று சொல்லிவிட்டு இடாப்புக் கூப்பிடத் தொடங்கினேன். நாலாம் தரத்தில் 23 பிள்ளைகள். இடாப்பை மூடும்போது 17 கொப்பிகளில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு மலை, நடுவில் சூரியன், வளைந்து வரும் நீலக்கோடு. எல்லாரும் வலிகாமத்துப் பிள்ளைகள். மலையைக் கண்ணால் கண்டவர்கள் இரண்டு பேர் இருந்தால் அதிகம். ஆறென்று சொல்ல எங்களிடம் இருப்பது வழுக்கியாறு ஒன்று. அதுவும் மாரிக்குத்தான் ஓடும். ஆனால் மகாவலி கங்கையின் நீளத்தைக் கேட்டால் 335 கிலோமீற்றர் என்று வகுப்பே கத்தும்.

பாடநூலில் பிழையில்லை. அது முழு இலங்கைக்கும் எழுதினது. யன்னலால் பார்த்தால் தெரிகிற பள்ளிக்கூடக் கிணற்றை ஒருவரும் கீறவில்லையே என்பதுதான் என் குறை. அதை நானும் நாலு வருசமாக ஒருநாளும் காட்டவில்லை.

தீவுப் பகுதியிலிருந்து வந்து சேர்ந்த பிள்ளை மட்டும் பவுசர் கீறியிருந்தாள். "அங்க அதில தான் ரீச்சர் வாறது." அவளுக்கு நட்சத்திரம் போட்டேன்.

செவ்வாய்

கிணற்றடியில் கணிதம். கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டியாயிற்று. பிள்ளைகள் கட்டுக்கு நாலடி தள்ளி நிற்க, கயிற்றை நான்தான் இறக்கினேன். புரட்டாதி. மழை இன்னும் இறங்கவில்லை, தண்ணீர் நன்றாகக் கீழே கிடந்தது. கல் தண்ணீரைத் தொட்ட சத்தம் கேட்டதும் எண்ணினோம்: 14 முடிச்சு.

முடிச்சுப் போட்டது ஒரு சின்னப் பெடியன், அவனுடைய கையால். "ரீச்சற்ர கையால அளந்தா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அளந்தேன். 11 முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. கிணறு ஒன்று, கயிறு ஒன்று, கணக்கு மட்டும் ஏன் இரண்டு? பூக்காரியும் இப்படித்தான் குட்டைக் கையால் அளந்து தாறவ என்று ஒருத்தி. ஒருவன் தன் முழங்கையை என் முழங்கையோடு ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் நின்றான். பிறகு மீற்றர்க்கோலை எடுத்துவர அவனே ஓடினான். 4 மீற்றர் 76 சென்ரிமீற்றர். மீற்றர் எதற்கு என்று இத்தனை வருசம் பலகையில் எழுதி விளங்கப்படுத்தியிருக்கிறேன். ஒருவரும் இப்படி ஓடினதில்லை.

புதன்

வலயக் கல்வி அலுவலகத்தில் கூட்டம். அரைநாள் போயிற்று. திரும்பி வந்தபோது சிங்களப் பாடம் முடிந்திருந்தது. கிணற்றுக்கு "லிந்த", தண்ணீருக்கு "வதுர" என்று பிள்ளைகள் எனக்குப் படிப்பித்தார்கள். "லிந்த"வை நான் சொன்ன விதத்துக்கு ஒரே சிரிப்பு.

வியாழன்

வீட்டிலிருந்து கேத்திலைக் கொண்டுபோனேன். அடியில் கட்டிப்போயிருந்த வெள்ளைப் படையைக் கரண்டியால் சுரண்டி, தாளில் கொட்டி, தேசிக்காய்ப் புளி விட்டேன். நுரைத்தது. அடுத்தது முற்றத்தில் கிடந்த சுண்ணாம்புக்கல். அது உடனே ஒன்றும் காட்டவில்லை, முன்வரிசை சலித்துக்கொண்டது. கல்லை இடித்துத் தூளாக்கி விட்டபோது சின்னச் சின்னக் குமிழ். "கல்லுக்கு உயிர் வருது!"

எங்கள் குடாநாடு இந்தக் கல்லின்மேல்தான் கிடக்கிறது. மழைத்தண்ணீரிலும் மெல்லிய புளிப்பு உண்டு; அது இறங்கி இறங்கி, கணக்கில்லாத காலமாகக் கல்லைக் கரைத்து ஓட்டையும் குகையுமாக்கியது. அந்த ஓட்டைகளில் நிற்பதுதான் நாங்கள் அள்ளுகிற தண்ணீர். இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி எழும்பினாள். புத்தூருக்குப் பக்கத்து நிலாவரைக் கிணற்றில் தேசிக்காய் போட்டால் கீரிமலையில் போய் மிதக்குமாம், அம்மம்மா சொன்னவ. அதே கதையை என் அம்மம்மாவும் சொன்னவ. இராமர் அம்புவிட்ட கிணறு என்றும் சேர்த்து. போட்டுப் பார்த்து எடுத்தவர் ஒருவரையும் நான் சந்திக்கவில்லை என்று சொன்னேன். ஆனால் கல்லுக்குள் வழி இருக்குமென்று அந்தக் காலத்துச் சனம் ஊகித்திருக்கிறது. அது லேசுப்பட்ட ஊகமில்லை.

வெள்ளி

நிலாவரையில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. ஏன்? கண்ணாடிக் கிளாசில் நீலம் கரைத்த உப்புத்தண்ணீர், அதன்மேல் கரண்டியின் முதுகில் வழியவிட்டு நல்ல தண்ணீர். இரண்டும் கலக்காமல் நின்றன. ஸ்ரோவை நடுவில் வைத்து உறிஞ்சச் சொன்னேன். நீலம் கூம்பாக மேலே எழும்பியது. வெங்காயத் தோட்டக்காரரின் மகன் நான் கேட்கமுன்னமே சொன்னான்: "மிசின் கனநேரம் ஓடினா எங்கட கிணறும் சவர்க்கும். அப்பா உடன நிப்பாட்டிப்போடுவார்."

கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. ஒரு ஒல்லாந்தரும் ஒரு ஜேர்மானியரும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. மேலே ஓரடி இறங்கினால் கீழிருந்து 40 அடி உப்பு ஏறும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவில்லை. அந்தப் பெடியன் சொன்னதே காணும்.

பள்ளிக்கூடம் விட்டபின் ஒரு தாய் வாசலில் நின்றா. "ரீச்சர், வாற வருசம் ஸ்கொலசிப். உந்தக் கிணறு கேள்வியில வருமோ?" வராது என்றேன். அவவின் முகம் வாடினது உண்மை. அவவைக் குறை சொல்லவும் ஏலாது. வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்த பிள்ளையின் வீட்டை நானும் பார்த்திருக்கிறேன்.

அதற்கு முன், வகுப்பில் திங்கள் கேட்டதையே மறுபடி கீறச் சொன்னதில் அநேகமாக எல்லாம் கிணறு. ஒருவன் மட்டும் மலையும் ஆறும். ஏனப்பு என்று கேட்டேன். "கிணறு தெரியும் ரீச்சர். எனக்கு ஆறு கீறத்தான் விருப்பம்." அவனுக்கும் நட்சத்திரம்.

சனி

புரட்டாதிச் சனி. கோயிலில் எள்ளெண்ணெய் எரிக்க நல்ல சனம். நேற்று வாசலில் நின்ற அதே தாய் என்னைக் கண்டுவிட்டு வந்தா. வீட்டிலிருந்த தேசிக்காய் முழுக்க முடிந்துவிட்டதாம். கேத்தில் மட்டும் பளபளவென்று இருக்கிறதாம். மகன் விடிய எழும்பித் தகப்பனோடு போய்க் கிணற்றுக்குக் கயிறு விட்டானாம். 17 முழம்.

"அவன்ர முழத்தில" என்றா.