அம்மாவின் கூலி எந்தப் பக்கம்?

எங்கள் வீட்டில் மேனிலை வகுப்புப் பாடநூல்கள் ஒரே ஒரு தொகுதிதான் இருந்தது. 1992 முதல் 1994 வரை அக்காள் அவற்றைப் படித்தாள். அதே நூல்களைப் பழுப்புத்தாள் அட்டையின் மேல் இன்னோர் அட்டை போட்டு, 1994 முதல் 1996 வரை தம்பி படித்தான். ஓரங்களில் அக்காள் பென்சிலால் குறித்திருந்தவை தம்பிக்கு உரைநூலாயின. இக்கட்டுரையையும் இருவரும் சேர்ந்தே எழுதுகிறோம். எங்கள் வழிகள் பிரிந்த இடங்களில் மட்டும் அக்காள், தம்பி என்று தனித்தனியே சொல்வோம்.

பெரம்பலூருக்கு வடக்கே எறையூரில் சர்க்கரை ஆலை இருப்பதை வாசக அன்பர்கள் பலர் அறிந்திருப்பர். 1970களில் எழுந்த, தமிழக அரசுக்குரிய பொதுத்துறை ஆலை அது. அரவைக் காலத்தில் காற்று எங்கள் பக்கம் திரும்பினால் கழிவுப்பாகின் புளித்த இனிப்பு மணம் வீட்டுக்குள் வந்துவிடும். மானாவாரிப் பருத்தியும் சோளமுமே கதியென்றிருந்த சீமையில், கிணற்றில் நீர் ஊறும் குடும்பங்கள் கரும்புக்கு மாறின. எங்களுக்கும் ஒன்றரை ஏக்கர் கரும்பு இருந்தது.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் நாங்கள் சேர்ந்தது வணிகவியல் பிரிவு. கணிதமும் அறிவியலும் கொண்ட முதல் பிரிவு கெட்டிக்காரர்களுக்கு என்றும், மூன்றாவது பிரிவு எஞ்சியவர்களுக்கு என்றும் அந்நாளில் ஓர் எழுதாச் சட்டம் இருந்தது. இன்றும் முழுதாக மறைந்துவிட்டதென்று சொல்வதற்கில்லை. "கடையா வைக்கப் போறீங்க?" என்று அப்பா கேட்டார். விளக்கம் சொல்ல வந்தவர் எங்கள் பெரியப்பா. கல்லூரியில் ஓராண்டு நடந்த புகுமுக வகுப்பைத் திருச்சியில் படித்து, தேறாமல் திரும்பியவர் அவர். 1978இல் அவ்வகுப்பு ஒழிந்து, பள்ளியிலேயே ஈராண்டு மேனிலைக் கல்வி வந்துவிட்டது. ஆனால் ஊரில் கடைசி வரை அவருக்குப் 'பியூசி' என்றே பெயர். "பேங்குக்குப் போற படிப்புப்பா இது" என்று அவர் சொன்ன ஒரு சொல்லில் அப்பா அடங்கினார்.

தனியாள் வணிகம், கூட்டாண்மை, நிறுமம், கூட்டுறவு, பொதுத்துறை என்று பாடம் நடந்தது. பொதுத்துறைக்கு எடுத்துக்காட்டாக நெய்வேலியையும் திருவெறும்பூர் பாய்லர் ஆலையையும் எழுதி மனப்பாடம் செய்தோம். எறையூர் ஆலையின் சங்கொலியைத்தான் எங்கள் வீடு கடிகாரமாக வைத்திருந்தது; அதுவும் ஒரு பொதுத்துறை நிறுவனமே என்பது தேர்வு எழுதி முடித்த பின்பே எங்களுக்கு உறைத்தது. குறை யார்மேலும் இல்லை. கண்ணெதிரே இருப்பது பாடமாகும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கணக்குப்பதிவியல் மட்டும் வேறு விதமாக வந்து பிடித்துக்கொண்டது. பெறுபவர் பற்று, தருபவர் வரவு. ஒவ்வொரு நடவடிக்கைக்கும் இரு முகம். இரு பக்கமும் ஈடாக வேண்டும். இதை முதலில் அச்சேற்றி உலகுக்குத் தந்தவர் பிரான்சிஸ்கன் சபைத் துறவியான லூக்கா பாச்சோலி என்பவர்; 1494இல் வெனிஸ் நகரில் வெளிவந்த அவரது கணித நூலில் இம்முறை விளக்கப்பட்டிருக்கிறது. முறையை உண்டாக்கியவர் அவரல்லர். வணிகர்கள் கையாண்டு வந்ததை ஒழுங்குபடுத்தித் தந்தவர். கோபுரம் கட்ட எண்ணுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடமாட்டானா என்று ஆண்டவரே கேட்டிருக்க, ஒரு துறவி பேரேட்டைக் கையிலெடுத்ததில் வியப்பில்லை. இதையெல்லாம் நாங்கள் பிற்பாடு அறிந்தோம். அன்று அறிந்தது, இருப்பாய்வில் இரு கூட்டுத்தொகையும் ஒன்றாக வந்துவிட்டால் நெஞ்சில் உண்டாகும் நிம்மதியை மட்டுமே.

அந்த நிம்மதியின் துணிச்சலில்தான் 1994ஆம் ஆண்டுத் தையில் அக்காள் அப்பாவின் நாட்குறிப்பைக் கேட்டு வாங்கினாள். அவ்வாண்டுக் கரும்பு மழைக்காற்றில் சாய்ந்து, எடை குறைந்து போயிருந்தது. நாட்குறிப்பில் விதைக்கரணை, உழவு, களையெடுப்பு, மண் அணைத்தல், உரம், வெட்டுக்கூலி, வண்டி வாடகை, கடன் வட்டி எல்லாம் அப்பாவின் சாய்ந்த எழுத்தில் இருந்தன. அக்காள் நீள நோட்டொன்றில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் செலவும் வலப்பக்கம் கரும்புப் பணமுமாக எழுதிக்கொண்டே வந்தாள். முடிவில் 1,640 ரூபாய் மிஞ்சியது. அப்பா வாய்க்கணக்காகச் சொல்லிவந்ததும் ஏறக்குறைய அதுதான்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வணிகம் வேறு, அதன் உரிமையாளர் வேறு என்று பாடநூல் சொல்லியிருந்தது. வயலுக்குக் களையெடுக்க வந்த பெண்டிரின் கூலி செலவில் ஏறியிருந்தது. அவர்களோடு அதே வரிசையில் குனிந்து நின்ற அம்மாவின் கூலி எங்கும் ஏறவில்லை. சோகை உரித்தது, தண்ணீர் கட்டியது, வெட்டாட்களுக்குச் சோறாக்கியது எல்லாம் எண்ணிப் பார்த்தோம். விரல்விட்டும், திருநாள்களை அடையாளம் வைத்தும் எண்ணியதில் 140 நாள் வந்தது. நாளொன்றுக்கு 15 ரூபாய் என்று அக்காள் பற்றுப் பக்கத்தில் 2,100 ரூபாயை எழுதினாள். தனி வணிகரின் ஏட்டில், கையிலிருந்து போகாத கூலியை அப்படி எழுதும் வழக்கமில்லை என்று ஆசிரியர் அறிந்தால் திருத்தியிருப்பார். எங்களுக்கு அது பிழையாகத் தோன்றவில்லை. 1,640 ரூபாய் இலாபம் 460 ரூபாய் நட்டமாயிற்று.

அப்பா நோட்டை நெடுநேரம் பார்த்தார். "இதை யாருக்குக் கொடுக்கணும்?" என்றார். "அம்மாவுக்கு" என்றாள் அக்காள். அடுப்படியிலிருந்து அம்மா சிரித்தார். "எனக்கெதுக்குடி கூலி? நான் என்ன கூலியாளா?" என்றாரே தவிர, தொகை எவ்வளவென்று கேட்கவில்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நோட்டு பரணுக்குப் போயிற்று.

மேனிலைத் தேர்வில் அக்காள் நல்ல மதிப்பெண் பெற்றாள். கல்லூரியில் சேர்வது பற்றிய பேச்சு வந்தபோது அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். "நட்டம்னு நீதானம்மா எழுதின. நட்டத்துல இருக்கிறவன் எதை வச்சு அனுப்புவான்?" என்றார். அக்காளிடம் மறுமொழி இல்லை. அவள் கற்ற கல்வி அவளுக்கெதிராகவே சாட்சி சொன்னது. அப்பா இன்று இல்லை. அவர் அன்று ஏமாற்றினார் என்று நாங்கள் கருதவில்லை. பணம் உண்மையிலேயே இல்லை. ஆயினும், மகன் என்றால் கடன் வாங்கியிருப்பார் என்பதும் உண்மை. ஈராண்டு கழித்து வாங்கவும் செய்தார்.

அந்த ஈராண்டும் அக்காள் கரும்புக் கொல்லையில் இருந்தாள். தம்பி அவளுடைய நூல்களைப் படித்தான். (அவன் பள்ளியில் சேர்ந்தபோது திருச்சி மாவட்டத்தானாயிருந்து, இடையில் 1995இல் மாவட்டம் பிரிந்ததால், முடித்தபோது பெரம்பலூர் மாவட்டத்தான் ஆனான், இருந்த இடத்திலிருந்தே மாவட்டம் மாறியவர்கள் நாங்கள்.) தேர்வு முன்னிரவுகளில் இலாப நட்டக் கணக்கின் சிக்கல்களை அவனுக்கு அவிழ்த்துக் கொடுத்தவள் அவளே. அவள் குரலில் ஒரு நாளும் கசப்பு இருந்ததில்லை என்று தம்பி எழுதுகிறான். இருந்தது, அவன் கவனிக்கவில்லை என்று அக்காள் திருத்துகிறாள்.

1996இல் தம்பியைத் திருச்சியில் பி.காம். சேர்ப்பதென்று முடிவாகி, அப்பா கடன் சீட்டில் கையெழுத்திட்டு வந்த மாலை, அம்மா திண்ணையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலைநிமிராமலேயே, "ஏங்க, அவ நோட்டுல எனக்குக் கூலி எழுதினாளே, அதுல பாதியாவது எடுத்துக் கொடுங்க. அவளும் படிக்கட்டும்" என்றார். ஈராண்டாக அந்நோட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதவர் அவர். அப்பா எழுந்து வெளியே போனார். அடுத்த கரும்புப் பணம் வந்தபோது, நூறு ரூபாய்த் தாள்கள் சிலவற்றை மாதா படத்தின் முன் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் குளிக்கப் போனார். அந்தப் பணத்தில் அக்காள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் அஞ்சல்வழிக் கல்வியில் சேர்ந்தாள். இன்று அவள் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கு எழுதுகிறாள். தம்பி மேனிலைப் பள்ளியில் வணிகவியல் கற்பிக்கிறான்.

தம்பி இன்று கற்பிக்கும் பாடம் நாங்கள் படித்ததல்ல. 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் நூல் மேலாண்மையில்தான் தொடங்குகிறது. கேரளத்துப் பிள்ளைகளும் கருநாடகத்துப் பி.யூ.சி. மாணவரும் வணிக ஆய்வு என்றும், ஈழத்துப் பிள்ளைகள் உயர்தர வகுப்பில் வணிகக் கல்வி என்றும் படிக்கும் செய்தியே இது. திட்டமிடல், ஒழுங்கமைத்தல், பணியமர்த்தல், இயக்குதல், கட்டுப்படுத்தல் என்று அடுக்குகிறார்கள். டெய்லர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1911இல் எழுதிய நூல் வருகிறது. பெத்லகேம் எஃகு ஆலையில் (பெயரைக் கேட்டு நம் மனம் வேறிடம் போகும், இது பென்சில்வேனியாவில் இருந்தது) நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் இரும்புப் பாளம் சுமந்த தொழிலாளியை நாற்பத்தேழரை டன் சுமக்க வைத்ததாக அதில் கணக்குச் சொல்கிறார். சுமை ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று, கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலராக உயர்ந்தது. ஒரு மாணவி இதைக் கணக்கிட்டுவிட்டு, "சார், மீதி யாருக்குப் போச்சு?" என்று கேட்டாளாம். அந்தக் கேள்விக்காகவே மூன்றாவது பிரிவை வைத்திருக்கலாம்.

பிரான்சின் சுரங்க நிறுவனமொன்றைப் பல்லாண்டு நடத்தி, 1916இல் தம் கருத்துகளை வெளியிட்ட ஹென்றி ஃபயோல் பதினான்கு தத்துவங்கள் சொன்னார். நியாயமான ஊதியம் அவற்றுள் ஒன்று. மாணவர்கள் பதினான்கையும் வரிசை பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். உங்கள் வீட்டில் யாருக்கு ஊதியமே இல்லை என்று தம்பி கேட்டால் வகுப்பு விழிக்கும். பிறகு யாராவது ஒருத்தி மெல்லச் சிரிப்பாள்.

அக்காள் அன்று செய்தது பிழையன்று என்பதற்கும் பிற்பாடு சான்று கிடைத்தது. 1965இல் தோன்றி, 1985இல் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் என்று பெயர் மாறிய நடுவண் அரசின் அமைப்பு, பயிர்களின் உற்பத்திச் செலவைக் கணக்கிடுகிறது. உழவர் கையிலிருந்து போகும் செலவுக்கு அவர்கள் வைத்த பெயர் ஏ2. அதனோடு குடும்பத்தாரின் கூலியில்லா உழைப்புக்கு ஒரு மதிப்பிட்டுச் சேர்த்தால் அது ஏ2 கூட்டல் எஃப்.எல். 2025-26 பருவத்துக் கரும்பு விலையாகக் குவிண்டாலுக்கு 355 ரூபாயை நடுவண் அரசு அறிவித்தபோது, அவ்வாறு மதிப்பிட்ட செலவு 173 ரூபாய் என்று காட்டியது. அந்த 173 ரூபாய்க்குள் எத்தனையோ அம்மாக்களின் சோகை உரித்த நாள்கள் இருக்கின்றன. அந்த மதிப்பு தாளில் நிற்கிறதே ஒழிய அவர்கள் கையில் எவரும் எண்ணிக் கொடுப்பதில்லை.

சென்ற பொங்கலுக்கு ஊரில் கூடியபோது தம்பி மகள் பரணிலிருந்து அந்த நீள நோட்டை இறக்கினாள். அவளும் பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் பிரிவுதான். இம்முறை யாரும் கடையா வைக்கப் போகிறாய் என்று கேட்கவில்லை. கரையான் ஓரத்தைத் தின்றிருந்தது. எழுத்து மட்டும் தப்பியிருந்தது. அவள் உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள். அம்மா திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு எவ்வளவுன்னு போட்டிருக்கு?" என்றார். முப்பது ஆண்டில் முதன்முறையாகக் கேட்கிறார்.

"இரண்டாயிரத்து நூறு, அப்பாயி."

அம்மா சற்று நேரம் தெருவைப் பார்த்தார். "அன்னிக்கே சொல்லியிருந்தா நாலு ஆடு பிடிச்சு விட்டிருப்பேன். இந்நேரம் பட்டி நிறைஞ்சிருக்கும்" என்றார்.