வாணர் ஏரி, சோழர் கல், சைனைடு மேடு

இடிபாடுகளைத் தேடிப் போகிறவர்கள் ஹம்பிக்குப் போகிறார்கள். கையில் பணம் இருந்தால் மெக்சிகோவுக்கும் குவாதமாலாவுக்கும் போய், மாயா மன்னர்கள் கட்டிய பிரமிடுகளின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். கோலார் தங்கவயலுக்கு அப்படி யாரும் வருவதில்லை. வருகிற சிலரும் 2018-ல் வெளியான 'கே.ஜி.எஃப்.' படத்தைப் பார்த்துவிட்டு, அந்த இடம் எங்கே என்று விசாரிக்கும் இளைஞர்கள். உள்ளூர்க்காரர்கள் அவர்களுக்குச் சைனைடு மேட்டைக் காட்டி அனுப்பிவிடுகிறார்கள். அதற்கு மேல் காட்ட எதுவும் இல்லை என்று அவர்களே நம்புவதுதான் வேடிக்கை.

தங்கவயலைச் சுற்றிச் சுமார் முப்பது கிலோமீட்டருக்குள் ஆறு அரச வம்சங்களின் கற்கள் கிடக்கின்றன. கங்கர், வாணர், நுளம்பர், சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார். இவர்களில் ஒரு வம்சத்தின் தண்ணீரைத் தங்கவயல்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்திருக்கிறார்கள். சுரங்கக் கம்பெனிகளின் காலத்தில் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது பேத்தமங்கலா ஏரியிலிருந்து. அந்த ஊரின் பழைய பெயர் விஜயாதித்தமங்கலம். தமிழ்க் கல்வெட்டுகளில் வாணகோவரையர் என்று வருகிறார்களே, அந்த வாணர் குலத்து விஜயாதித்தனின் பெயர் அது. கரை உடைந்த ஏரியைச் சுமார் 950-ல் நுளம்ப மன்னன் ஒருவன் கட்டிக் கொடுத்தான். 1155-ல் ஹொய்சளப் படைத்தலைவன் ஒருவன் மறுபடி பழுது பார்த்தான். பிறகு வெள்ளைக்காரக் கம்பெனி குழாய் போட்டது. கோயிலுக்குச் செய்ததைக் கல்லில் பாடி வைத்த அளவுக்கு ஏரிக்குச் செய்ததை யாரும் பாடவில்லை. ஆனால் உபயோகத்தில் இருந்தது ஏரிதான்.

இந்த ஏரியை நிரப்புவது பாலாறு. நந்தி மலைப் பக்கம் தோன்றி, பேத்தமங்கலாவைத் தாண்டி, ஆந்திரத்தில் கொஞ்ச தூரம் ஓடி, வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் வேலூருக்கும் போகிறது. தங்கச் சுரங்கத்துக்கு ஆள் வந்ததும் அதே திசையிலிருந்துதான். வட ஆற்காட்டிலிருந்தும், சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்தும் பஞ்சம் பிழைக்க வந்தவர்கள். தண்ணீர் கீழே போன வழியில் ஜனங்கள் மேலே வந்தார்கள்.

கோலார் நகரம் கங்கர்களின் முதல் தலைநகரம். அன்றைய பெயர் குவளாலபுரம். நான்காம் நூற்றாண்டில் கொங்குணிவர்மன் இங்கே ஆட்சியைத் தொடங்கினான். பின்னர் தலைநகரம் காவிரிக் கரையில் தலைக்காட்டுக்கு மாறிய பிறகும், கங்க மன்னர்கள் 'குவளாலபுரத்தின் தலைவன்' என்ற பட்டத்தை விடவில்லை. ஊர் கைவிட்டுப் போனாலும் பெயர் போகவில்லை. சோழப் பேரரசின் கடைசிக் காலத்தில், மூன்றாம் குலோத்துங்கனுக்குக் கீழே சிற்றரசனாக இருந்த சீயகங்கன் கூட அதே பட்டத்தைப் போட்டுக்கொண்டான். பவணந்தி முனிவரை நன்னூல் எழுதச் சொன்னவன் இவன்தான். தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் எழுத்தும் சொல்லும் படித்த இலக்கணத்தின் பின்னால் கோலாரின் பெயர் இருக்கிறது என்பது தமிழ்நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

முல்பாகல் பக்கம் ஆவணியில் நுளம்பர் காலத்துக் கோயில்கள் ராமன், லட்சுமணன், பரதன், சத்ருக்னன் பெயர்களில் ஒரே மதிலுக்குள் நிற்கின்றன. லவனும் குசனும் பிறந்த இடம் என்று மலையைக் காட்டுகிறார்கள். அது ஒரு நாள் முழுக்கப் பார்க்க வேண்டிய இடம். ஆனால் தங்கவயல் தமிழரைத் தடுத்து நிறுத்துவது ஆவணி அல்ல, கோலார் நகரத்திலுள்ள கோலாரம்மன் கோயில்.

காரணம், அங்கே சுவரில் இருப்பது தமிழ். கன்னட நாட்டின் நடுவே, காவல் தெய்வத்தின் கோயிலில், வரி வரியாகத் தமிழ்க் கல்வெட்டு. அம்மனுக்கு அதில் பெயர் பிடாரி. செங்கல்லாக இருந்த பிடாரி கோயிலை ராஜேந்திர சோழன் காலத்தில் அவனுடைய அதிகாரி கருங்கல்லாக மாற்றியதைக் கல் சொல்கிறது. முதற் குலோத்துங்கன் பட்டத்துக்கு வந்த புதிதில் பொறித்த நீண்ட சாசனம் ஒன்று பூசைச் செலவுகளைக் கணக்குப் பிசகாமல் அடுக்குகிறது. இந்தப் பகுதிக்குச் சோழர் வைத்த பெயர் நிகரிலி சோழ மண்டலம். கோலார் மாவட்டக் கல்வெட்டுகளை லூயிஸ் ரைஸ் 1905-ல் தொகுத்து வெளியிட்டபோது, தமிழுக்கு அதில் கணிசமான இடம் கொடுக்க வேண்டியிருந்தது.

இதைப் படித்ததும் தங்கவயல்காரருக்கு மார்பு விரிவது இயல்பு. நூறு வருஷமாக 'வெளியிலிருந்து வந்தவர்கள்' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டுச் சலித்தவர் அவர். ஆயிரம் வருஷத்துத் தமிழ் எழுத்தைக் கண்டால் நிலப்பட்டா கிடைத்த மாதிரி இருக்கும். ஆனால் அது அவருடைய பட்டா அல்ல. சோழன் இங்கே படையோடு வந்தான். சுமார் 1004-ல் பிடித்ததை 1116-ல் ஹொய்சள விஷ்ணுவர்த்தனனிடம் இழந்தான். சுரங்கத் தமிழர் வந்தது வாளோடு அல்ல, கங்காணியின் பின்னால். சோழனின் ஆட்சி இங்கே நீடித்தது நூற்றுப் பன்னிரண்டு ஆண்டு. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது முதல் 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது வரை கணக்கிட்டால் நூற்று இருபதைத் தாண்டுகிறது. தொழிலாளர்கள் சோழனை விட அதிக காலம் இருந்திருக்கிறார்கள். இன்னும் இருக்கிறார்கள்.

வம்சத்தின் கல்லை வைத்து யார் சொந்தக்காரர் என்று தீர்மானிப்பது எவ்வளவு வழுக்கலான காரியம் என்பதற்கு ஹோண்டுராஸ் நாட்டிலுள்ள கோபான் நல்ல உதாரணம். அங்கே 776-ல் செதுக்கப்பட்ட ஒரு சதுரக் கல் இருக்கிறது. நான்கு பக்கமும் பக்கத்துக்கு நால்வராகப் பதினாறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். வானசாஸ்திரிகளின் மாநாடு என்று முன்பு ஆராய்ச்சியாளர்கள் சிலர் சாதித்தார்கள். மாயா எழுத்தைப் படிக்கக் கற்ற பிறகுதான் தெரிந்தது, அவர்கள் ஒரே வம்சத்தின் பதினாறு மன்னர்கள் என்று. முதல் மன்னன் யாஷ் குக் மோ அங்கே வந்து சேர்ந்தது 427-ல். கங்கர்கள் கோலாரில் இருந்த அதே காலம். அவனுடையது என்று கருதப்படும் எலும்புகளைச் சோதித்ததில், அவன் வளர்ந்தது கோபானில் அல்ல, வேறெங்கோ என்று தெரிந்தது. வம்சத்தை நிறுவியவனே வெளியூர்க்காரன்! ஆனால் அந்த மண்ணிலேயே இன்றும் வாழும் சோர்த்தி மாயா மக்களுக்கு உழ நிலமில்லை. 1998-ல் அவர்கள் அந்த இடிபாடுகளின் வாசலை மறித்து நின்று நிலம் கேட்டார்கள். உல்லாசப் பயணிகள் திரும்பிப் போனார்கள்.

கோலாரில் எல்லா வம்சங்களுக்கும் அடியில் இன்னொரு இடிபாடு இருக்கிறது. அதில் எழுத்து கிடையாது. வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே இங்கே தங்கம் தோண்டியிருக்கிறார்கள். ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி 1802-ல் எல்லை அளக்க வந்தபோது மாரிகுப்பம் பக்கம் ஜனங்கள் குழிக்குள் இறங்கிக் கல்லை வெட்டி, கூடை கூடையாகக் கை மாற்றி மேலே அனுப்புவதையும், பெண்கள் அதை இடித்துப் பொடியாக்கிக் கழுவுவதையும் கண்டு எழுதினார். அந்தக் குறிப்பைப் படித்த லவெல் என்ற அயர்லாந்துக்காரர் 1871-ல் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டியில் வந்தார். 1880-களில் மைசூர் மைன் முதலீட்டையெல்லாம் கொட்டிவிட்டுக் கையைப் பிசைந்து நின்றபோது அதைக் காப்பாற்றியது பழைய குழிகள்தான். பழங்காலத்தவர் விட்ட இடத்துக்குக் கீழே போனதும் சாம்பியன் ரீஃப் கிடைத்தது. அந்தக் குழிகளில் எடுத்த மரத்துண்டுகளைக் கரிமச் சோதனை செய்ததில் கி.பி. ஐந்து முதல் ஏழாம் நூற்றாண்டு என்று வந்தது. கங்கர் காலம். கங்க மன்னர்களின் வம்சாவளியைச் செப்பேட்டில் பிசகாமல் படிக்கலாம். குழிக்குள் இறங்கியவனின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை.

பின்னால் வந்தவர்களின் நிலைமையும் அதற்குப் பெரிதாக மாறவில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே, அறுபது டிகிரியைத் தாண்டிய பாறைச் சூட்டில், ராக் பர்ஸ்ட் எப்போது வருமோ என்ற பயத்தோடு வேலை பார்த்து எண்ணூறு டன் தங்கத்துக்குப் பக்கமாக எடுத்துக் கொடுத்தார்கள். திருட்டைத் தடுக்கிறோம் என்று கம்பெனி 1930-ல் எல்லோரிடமும் கைரேகை கேட்டது. அவர்கள் மறுத்து மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெயரைக் கல்லில் பொறிக்கத் துடித்த மன்னர்கள் வாழ்ந்த அதே ஜில்லாவில், பதிவாக மாட்டோம் என்று நின்ற ஜனங்கள் இவர்கள்.

ஆனால் எழுத்தே இல்லாதவர்கள் என்று இவர்களைச் சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் தலித்துகளான இந்தத் தொழிலாளர்களிடையே அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிகுப்பத்தில் வேரூன்றியது. பண்டிதர் மறைந்த பிறகு, அவர் நடத்திய 'தமிழன்' பத்திரிகை 1926-ல் அப்பாதுரையார் முயற்சியில் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. சித்தார்த்தா புத்தகசாலை நூல்களை அச்சிட்டது. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியதும் வீட்டுக்கு வந்து பத்திரிகை படித்தவர்கள், படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டியவர்கள் இருந்த ஊர் இது. தங்கவயல் தமிழருக்குப் பட்டா வேண்டுமென்றால் ராஜேந்திரனின் கல்லைத் தேடிப் போக வேண்டியதில்லை. அந்தப் பழுப்பேறிய தாள்களைத் தேடலாம்.

கோலாரம்மன் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கல்லை உடைத்தால் ஜெயில். சுரங்கத்தின் இரும்புக் கோபுரங்களுக்கும் விஞ்ச் வீடுகளுக்கும் அப்படி ஒரு காவல் இல்லை. மழையும் துருவும் தின்றது போக, கழற்ற முடிந்ததை ஆட்கள் கழற்றுகிறார்கள். ஐம்பது வருஷத்தில் அங்கே முள்செடி மட்டும் இருக்கும். மேடுகளும் அதே இடத்தில் இருக்கப்போவதில்லை. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரவிக் கிடக்கும் பதின்மூன்று கழிவு மேடுகளை ஏலம் விட ஒப்புதல் கொடுத்தது. மொத்தம் மூன்று கோடியே முப்பது லட்சம் டன் மண். ஒரு டன்னில் ஒரு கிராம் தங்கம் கூட இல்லை. அதையும் அரித்து எடுக்க இப்போது வழி இருக்கிறது.

வெயில் காலத்தில் காற்றடித்தால் அந்த வெள்ளை மண் பறந்து வந்து லைன் வீடுகளின் சோற்றுப் பானையில் விழும். தாத்தா பாறையாக வெட்டி மேலே அனுப்பியது, ஆலையில் அரைபட்டு, தங்கத்தைக் கொடுத்துவிட்டுத் தூளாகி நிற்கிறது. பேரன் விடியற்காலையில் மாரிகுப்பத்தில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறான். ரயில் நிறைய அவனைப் போன்றவர்கள்தான்.