மாங்குடி மருதனாருக்கு, ஒரு பாய்க்காக

பெருமதிப்பிற்குரிய புலவர் ஐயாவுக்கு,

பகைவரை வெல்லாவிட்டால் மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாது போகட்டும் என்று பாண்டியன் நெடுஞ்செழியனே வஞ்சினம் கூறியிருக்கிறான் (புறநானூறு 72). அத்தனை பெரியவருக்கு நான் நன்றி சொல்லி என்ன ஆகப்போகிறது? இருந்தாலும் ஒரு சொல்லுக்காகச் சொல்லியே தீர வேண்டும். அந்தச் சொல் ‘இதை’.

கப்பற்பாய்க்கு உங்கள் காலத்தில் வழங்கிய பெயர் அது. நாங்கள் ‘இதைப் பார்’, ‘இதை எடு’ என்று நாள் முழுக்கச் சொல்வதற்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. கடலோரத்தில் இன்று பாய் என்றால்தான் தெரியும். நச்சினார்க்கினியர் உரை எழுதி, அந்த உரையோடு பத்துப்பாட்டை உ.வே.சாமிநாதையர் 1889இல் அச்சேற்றியதால் நாங்கள் பிழைத்தோம்.

அந்தப் பத்துப்பாட்டில் ஒன்றான உங்கள் 782 அடி மதுரைக்காஞ்சியில் ‘இதை’ முதலில் வரும்போது நல்ல காற்று. பாய் விரித்து, நெடுங்கொடி பறக்க, முரசு முழங்கக் கப்பல் சரக்கோடு கரை சேர்கிறது. அழகான காட்சிதான், ஆனால் வேறு புலவர்களும் அதைப் பாடியிருப்பார்கள். நான் நன்றி சொல்வது அடுத்த இடத்துக்கு. அங்கே கட்டிய கயிறு அறுகிறது, பாய் பீறுகிறது, பாய்மரமாகிய கூம்பு அடியோடு முறிகிறது. நாலாபுறமும் காற்று மோத, நங்கூரக் கல்லோடு முட்டிக்கொண்டு நாவாய் சுழியில் சிக்குகிறது. எது முதலில் போகும், எது பிறகு போகும் என்று முறை தவறாமல் வைத்திருக்கிறீர்கள். கரையில் நின்று பார்த்தவருக்கு இது தெரியாது. கொற்கைத் துறையில் தப்பி வந்த யாரோ ஒருவரை உட்காரவைத்துக் கேட்டிருப்பீர்கள் என்பது என் ஊகம்.

இத்தனையும் மதுரையில் மதம் கொண்டு திரியும் யானைக்கு உவமை! இருபுறமும் சங்கு ஒலிக்கிறது. கோல் பிடித்தவரைக் கொன்று, மேலிருந்தவரை வீசி, சங்கிலியை அறுத்து, தறியைச் சாய்த்துவிட்டுப் போகிறது அது. கயிற்றுக்குச் சங்கிலி, கூம்புக்குத் தறி என்று பொருத்திப் பார்த்தேன். மீகாமனை மட்டும் காணோம். முதலில் குறையாகத்தான் பட்டது. பாகனைத் தூக்கி எறிந்த யானைக்கு மீகாமன் உள்ள கப்பல் எப்படிப் பொருந்தும்?

பரிபாடலின் பத்தாம் பாட்டில் கரும்பிள்ளைப் பூதனாரும் யானைக்காகவே இதையைக் கொண்டுவருகிறார். அவர் கப்பலிலும் பாயும் கயிறும் சிதைகின்றன, ஆனால் அங்கே நீகான், அதாவது மீகாமன், இருக்கிறான். பயின் என்னும் பிசினால் கலத்தைச் செப்பனிட்டுவிடுகிறான். அதுபோல் மிரண்ட யானையைப் பாகர் அடக்கிவிடுகிறார்கள். அவருக்கும் என் வணக்கம். ஆனால் செப்பனிட ஆளில்லாத உங்கள் நாவாய்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்