ஒன்பதாம் நம்பர்

பனியன் முதுகில் ஒட்டிய 9 பாதி உரிந்துவிட்டது. மேல்வட்டம் மிஞ்சியிருக்கிறது, வால் போய்விட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் பூஜ்யம் என்றுதான் தோன்றும். ஆனால் அவளை அடையாளம் காண எண் தேவையில்லை, நிற்கிற இடமே போதும். எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரிக்கு இணையாக, அவள் கண்ணில் படாத தோள் பக்கமாக, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, இந்த ஆட்டத்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல் நிற்கிறாள். பதினைந்து வயது இருக்கலாம்.

விருத்தாசலத்தில் மாலை ஐந்து மணி. ஜங்ஷனுக்குள் நுழையும் ரயிலின் ஹாரன் ஊரைத் தாண்டிக் கேட்கிறது. மைதானம் என்று பெயர்தான், புல் கிடையாது. செம்மண் தரை, ஓரமெல்லாம் வேலிகாத்தான். கோல் கம்பம் 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் இருக்க வேண்டும் என்பது உலகத்துக்குப் பொதுவான விதி. இங்கே ஒரு முனையில் துருப்பிடித்த இரும்புக் கம்பம், மறுமுனையில் நட்டுவைத்த இரண்டு சவுக்குக் கழி. இரண்டிலும் வலை இல்லை. கோல் விழுந்தால் பந்து நேராக முள்ளுக்குள் போகும். போட்டவளே போய் எடுத்துவர வேண்டும் என்பது இந்த மைதானத்துச் சட்டம். ஒன்பதாம் நம்பரின் முழங்கையிலும் கெண்டைக்காலிலும் கிடக்கும் கீறல்களை வைத்தே அவள் கோல் கணக்கைச் சொல்லிவிடலாம்.

மதிலோரம் ஒரு அம்மா வந்து உட்கார்கிறார். டிபன் தூக்கு, பிளாஸ்டிக் பை, நகக்கண்ணில் காய்ந்த வெள்ளை மண். பீங்கான் பட்டறையிலிருந்து நேராக வருகிறார் என்று யாரும் சொல்ல வேண்டாம், கையே சொல்லும். ஃப்யூஸ் கேரியர், இன்சுலேட்டர், அகல்விளக்கு, கொலு பொம்மை என்று இந்த ஊர்ப் பட்டறைகளில் பலதும் வேகின்றன. செராமிக் தொழில்நுட்பம் சொல்லித்தர அரசுக் கல்வி நிலையமே இங்கே இருக்கிறது. பொம்மை செய்யும் இடத்தில் களிமண் கூழை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றி வைப்பார்கள். அச்சு தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, உள்சுவரில் மண் படிந்து கனம் ஏறும். போதுமான கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட வேண்டும். முந்திக் கவிழ்த்தால் சுவர் மெலிந்துபோய்ச் சூளையில் விரிசல் விடும், பிந்தினால் பொம்மை கல்லாய்க் கனக்கும். கடிகாரம் பார்த்துச் செய்கிற வேலை இல்லை இது. எப்போது கவிழ்ப்பது என்று பழகிய கைக்குத் தெரியும்.

அம்மா ஆட்டத்தைப் பார்க்கவில்லை. வரிசையாய்க் கழற்றிப் போட்டிருக்கும் செருப்புகளில் மகளுடையது இருக்கிறதா என்று பார்க்கிறார். இருக்கிறது. அதை எடுத்துப் பையில் வைத்துக்கொள்கிறார்.

வலப்பக்கத்திலிருந்து பந்து வருகிறது. நல்ல பாஸ் ஒன்றும் இல்லை, மேட்டில் பட்டுத் தத்தித் தத்தி வருகிறது. தடுப்பாட்டக்காரி பந்தைப் பார்த்து ஓர் அடி முன்னால் வைக்கிறாள். அந்த ஓர் அடிக்காகத்தான் ஒன்பதாம் நம்பர் இருபது நிமிடமாகச் சும்மா நின்றிருக்கிறாள். பந்தைத் தொடாமல் தன் உடம்பைக் கடந்து போகவிட்டு, திரும்பிய வேகத்திலேயே இடது காலின் உட்பக்கத்தால் ஒரு தட்டு. பலமான அடி இல்லை. கோல்கீப்பர் பாய்வதற்குள், கம்பத்துக்கும் அவள் கைக்கும் நடுவே தரையோடு உருண்டு முள்ளுக்குள் போகிறது.

"அக்கா, சூப்பர்க்கா!" என்கிறது ஒரு சின்னப் பெண்.

"வாயப் பொளந்துக்கிட்டு நிக்காத, மார்க் பண்ணு!" என்று பயிற்சியாளர் தடுப்பாட்டக்காரியைத்தான் திட்டுகிறார். கோல் போட்டவளுக்குப் பாராட்டு கிடையாது. அவளும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. பந்தைத் தேடி முள்ளுக்குள் குனிகிறாள்.

மதில்மேல் நாலு பையன்கள், அவர்களுக்கு நடுவே ஒரு போன். "பதினஞ்சு வயசுல ஏசி மிலானுக்கு எறங்கிட்டான்டா!" பிரான்செஸ்கோ கமார்தாவைத்தான் சொல்கிறான். 2023 நவம்பர் 25, சான் சிரோ மைதானத்தில் ஃபியோரென்டினாவுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் அவனைக் களமிறக்கினார்கள். அன்று அவனுக்கு வயது 15 ஆண்டு 260 நாள். இத்தாலியின் முதல்தர லீகான சீரி ஆ வரலாற்றில் அவ்வளவு சின்ன வயதில் யாரும் ஆடியதில்லை. அந்த ஊர் வழக்கப்படி, வளரும் ஸ்ட்ரைக்கரைப் பெரிய கிளப்பின் பெஞ்சில் உட்காரவைத்து வீணாக்குவதில்லை. ஆட்டம் கிடைக்கட்டும் என்று சின்ன கிளப்புக்கு லோனில் அனுப்புவார்கள். கமார்தாவும் 2025இல் அப்படித்தான் லெச்சேவுக்குப் போனான். காயம் பட்டால் மருத்துவர், பேரம் பேச ஏஜென்ட், படிக்கப் பள்ளி எல்லாம் கிளப்போடு சேர்ந்தே வரும்.

பையன்கள் போனைப் பார்க்கிறார்கள். இருபது அடி தூரத்தில் அதே வயது ஸ்ட்ரைக்கர் ஒருத்தி முழங்கையில் தைத்த முள்ளைப் பல்லால் கடித்து எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

பெண்கள் விஷயத்தில் இத்தாலியும் பின்தங்கித்தான் இருந்தது. அங்கே பெண்கள் லீக் முழுத் தொழில்முறை ஆனதே 2022இல்தான். இந்தியப் பெண்கள் லீக் 2017 ஜனவரியில் தொடங்கியது. முதல் சில ஆண்டுகள் ஒரே ஊரில் கூடி, சில வாரங்களில் முடிகிற போட்டியாகவே நடந்தது. சொந்த ஊரிலும் எதிரணி ஊரிலும் மாறி மாறி ஆடும் முறை 2023–24 சீசனில்தான் வந்தது.

அதற்கெல்லாம் முன்பே இந்தக் கடலூர் மாவட்டத்திலிருந்து ஒரு ஸ்ட்ரைக்கர் புறப்பட்டுவிட்டார். சந்தியா ரங்கநாதன். அம்மா தனியாளாக வளர்த்த பிள்ளை, அரசு விடுதியில் தங்கிப் படித்தவர். விடுதி அக்காக்கள் பந்தாடி மெடலோடு திரும்புவதைப் பார்த்துத்தான் அவருக்கும் ஆசை வந்தது. கடலூரில் மாரியப்பன் என்ற பயிற்சியாளர், 2004 சுனாமியில் பெற்றவர்களைப் பறிகொடுத்த பெண்கள் உட்பட எத்தனையோ பிள்ளைகளை மைதானத்துக்குக் கூட்டிவந்தார். கடலூரின் இந்திரா காந்தி அகாடமி அணி 2018இல் இந்தியப் பெண்கள் லீக்கிலேயே ஆடியது. 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று மதுரை சேது எஃப்சி கோப்பையைத் தூக்கியபோது அந்த அணியில் சந்தியா இருந்தார். அதற்கு முந்தைய மாதம் மியான்மரின் மண்டலேயில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று. மியான்மரோடு 3-3. இந்தியாவின் மூன்றில் ஒன்று சந்தியா அடித்தது. புள்ளி சமமாக இருந்தும் கோல் வித்தியாசத்தில் மியான்மர் முன்னேறியது.

அதே மாவட்டத்து இந்துமதி கதிரேசன் நடுக்கள ஆட்டக்காரி. இந்தியாவுக்கு ஆடியவர், தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கில் சென்னை அண்ணா நகர்ச் சாலையில் காக்கிச் சட்டையோடு பணியில் நின்றார். கமார்தாவுக்கு ஆட்டமே வேலை. இங்கே பெண்ணுக்கு ஆட்டம் நீடிக்க வேண்டுமானால் பக்கத்தில் ஒரு வேலை வேண்டும். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள 3 சதவீத ஒதுக்கீட்டைப் பற்றி இந்த மைதானத்துப் பெண்களின் அப்பாக்கள் விசாரிக்கும் அளவுக்கு ஆஃப்சைடு விதியைப் பற்றி விசாரிப்பதில்லை. அதில் தப்பும் இல்லை.

திறமைக்கு இங்கே பஞ்சம் கிடையாது. தடுப்பாட்டக்காரி எப்போது அந்த ஓர் அடியை வைப்பாள் என்று தெரிந்த கால் இந்தச் செம்மண்ணிலேயே இருக்கிறது. அந்தக் காலைப் பதினெட்டு வயதுவரை மைதானத்தில் நிறுத்திவைக்க ஒரு கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு, தினமும் வருகிற ஒரு பயிற்சியாளர் வேண்டும். சந்தியாவுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். அது கிடைக்காமல் போனதால் நமக்குப் பெயர்கூடத் தெரியாமல் நின்றுபோனவர்கள் எத்தனை பேரோ.

இருட்டிக்கொண்டு வருகிறது. விளக்கு இல்லாததால் விசில் ஊதுவதற்கு முன்பே ஆட்டம் தானாக நின்றுவிடுகிறது. உடை மாற்ற அறை கிடையாது. நாலு பெண்கள் துப்பட்டாவைச் சுற்றிப் பிடிக்க, உள்ளே ஒருத்தி மாற்றிக்கொள்கிறாள். ஒன்பதாம் நம்பர் அதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. பனியனுக்கு மேலேயே பள்ளிச் சட்டையைப் போட்டுப் பட்டனை மாட்டிக்கொண்டு அம்மாவிடம் வருகிறாள்.

"எவ்வளவுடி?"

"மூணும்மா."

"முள்ளு குத்துச்சா?"

"இல்லம்மா."

முழங்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள். அம்மா பையிலிருந்து செருப்பை எடுத்துப் போடுகிறார்.

"கடலூர்ல செலக்சன்னு சார் சொன்னாரும்மா. ஞாயித்துக்கிழமை."

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறை உண்டா, துணைக்கு யாரை அனுப்புவது, ரயிலா பஸ்ஸா என்று மனசுக்குள் கணக்கு ஓடுவது முகத்தில் தெரிகிறது. ரயில் என்றால் நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி தாண்டிப் போக வேண்டும். தூரம் அறுபது கிலோமீட்டர்தான். ஆனால் பதினைந்து வயதுப் பெண்ணைத் தனியாக அனுப்பும்போது அது வேறு தூரம்.

"பாப்போம்" என்கிறார்.

நம் வீடுகளில் 'பாப்போம்' என்றால் பாதி சம்மதம். மீதிப் பாதி ஊர் கையில் இருக்கிறது. ஒரு கோல் வலை, இரண்டு விளக்குக் கம்பம், கதவுள்ள ஓர் அறை, செலக்சனுக்குப் போகிற பிள்ளைகளோடு துணைக்குப் போக ஓர் அக்கா. இத்தனை சூளை எரிகிற ஊருக்கு இது தாங்காத செலவு இல்லை. பொம்பளப் புள்ளைக்குப் பந்தாட்டம் எதற்கு என்று கேட்கிறவர்கள் ஒரு சாயங்காலம் வந்து, அரை மணி நேரம் மதிலோரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் கேளுங்கள்.