கிள்ளானுக்குப் போன இடப்பக்கக் கண்ணாடி

சனிக்கிழமை காலையில் பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் கிடைப்பதே பெரிய விஷயம். அன்று துன் சம்பந்தன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், நடைபாதை ஓரமாக ஓர் இடம் காலியாக இருந்தது. சட்டென்று நுழைத்துவிட்டேன். லாக் பொத்தானை அழுத்தியதும் வலப்பக்க சைட் மிரர் சமத்தாக மடங்கியது. இடப்பக்கம் மட்டும் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றது. இரண்டு வாரமாகவே இப்படித்தான். ஒரு நாள் மடங்கும், இரண்டு நாள் மடங்காது. கையால் தள்ளினால் பல்சக்கரம் உடைந்துவிடும் என்று யாரோ சொன்ன பயத்தில் அதை அப்படியே விட்டுவிட்டுத் தோசை சாப்பிடப் போனேன்.

திரும்பி வரும்போது வெள்ளைக் கோல் ஊன்றி ஒரு பெரியவர் என் கார்ப் பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தார். கோல் தரையைத் தட்டித் தட்டி வழி பார்த்தது. கோலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. ஆனால், அவருடைய முழங்கை நேராகப் போய் என் கண்ணாடியில் மோதியது. சத்தம் எனக்கே கேட்டது. ஓடிப்போய், "சாரி அங்கிள், என் கார்தான்" என்றேன்.

முழங்கையைத் தேய்த்துக்கொண்டே அவர் கேட்ட முதல் கேள்வி: "கண்ணாடி உடையலையே மா?"

பிறகு அவரே பொறுமையாக விளக்கினார். "கோலு கீழ இருக்கறதத்தான் சொல்லும். இடுப்புக்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கறத அது சொல்லாது. கார் கண்ணாடியும் லாரி வாலும்தான் எங்களுக்கு எதிரி." சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு நடந்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது பூக்கடையும் வாழையிலைச் சாப்பாடும்தான். 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைப் புரட்டிப்போட்ட பிறகு, செங்கல்லால் கட்டச் சொன்ன காலத்தில், சூளைகள் பெருகிய இடம் இது. பெயரும் அதனால் வந்ததுதான். பின்னர் ரயில்வே தொழிலாளர்களின் குடியிருப்பாக வளர்ந்தது. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் நம் பிரதமர் நஜிப்பும் 'லிட்டில் இந்தியா'வாகத் திறந்துவைத்தார்கள். ஆனால், இதே ஊரில்தான் 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் இருக்கிறது. பயிற்சிக்கும் வேலைக்கும் வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் பலர். நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் மேடு மேடாகப் பதித்திருக்கும் கற்கள் அலங்காரத்துக்கு அல்ல. காலால் தடவி வழி கண்டுபிடிப்பதற்காக அவை போடப்பட்டவை. இத்தனை வருடம் இங்கே வந்து போகிற எனக்கு, என் கார் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது என்ற யோசனை அன்றுதான் வந்தது.

திங்கட்கிழமை ஒரு சர்வீஸ் மையத்துக்குப் போன் செய்தேன். என்னுடையது பத்து வயதான ஜெர்மன் கார். இரண்டாம் கையாக வாங்கியது. வாங்கும்போது விலை மலிவுதான். ரிப்பேருக்கு மட்டும் அந்தக் கார் இன்னும் புதுசு என்றே நினைப்பு. "மிரர் மடங்கலையா? முழு செட்டா மாத்தணும். 3,800 ரிங்கிட் வரும்" என்றார்கள். அந்தச் சின்னக் கூட்டுக்குள் அவ்வளவு இருக்கிறதா? இருக்கிறது. கண்ணாடியை மேல் கீழ் அசைக்க ஒரு மோட்டார், இடம் வலம் அசைக்க ஒன்று, மடக்க ஒன்று. மழைத்துளியைக் காயவைக்கச் சூட்டுக் கம்பி, திரும்பும் விளக்கு, பின்னால் வருகிற வெளிச்சத்தை மங்கலாக்கும் தனிக் கண்ணாடி. எல்லாம் சேர்ந்துதான் அந்த விலை.

அம்மாதான் சொன்னார்: "கிள்ளான்ல மாமா காரைப் பார்க்கிற ஃபோர்மேன்கிட்ட ஒரு வார்த்தை கேளேன்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிளம்பினோம். கூட்டரசு நெடுஞ்சாலையில் கோத்தா டாருல் ஏசான் வளைவைத் தாண்டினால் சிலாங்கூர். 1974இல் கோலாலம்பூரைக் கூட்டரசுப் பிரதேசமாக விட்டுக்கொடுத்ததன் நினைவாக நிற்கிற வளைவு. அங்கிருந்து பெட்டாலிங் ஜெயா, சுபாங், ஷா ஆலம் என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வரும். இந்தச் சாலையில் மோட்டார் சைக்கிளுக்குத் தனிப் பாதை உண்டு. ஆனால், வழி முழுக்க அது நம்மோடு வருவதில்லை. நெரிசலில் கார்களுக்கு நடுவே அவர்கள் வளைந்து வரத்தான் செய்வார்கள். என் இடக் கண்ணாடியோ அன்று வானத்தைப் பார்த்து நின்றது. பொத்தானை எப்படி அழுத்தினாலும் இறங்கவில்லை. சுபாங் அருகே இடப்பக்கம் மாறப் போனபோது அம்மா, "பைக்! பைக்!" என்று கத்தினார். பிரேக்கை மிதித்தேன். பின்னால் பள்ளிப் பையன் ஒருவனை ஏற்றிக்கொண்டு ஒரு பைக் என்னைக் கடந்து போனது. நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். செய்தியில் எத்தனை முறை வாசித்திருப்பேன்! கிள்ளான் வரும்வரை இடப்பக்கத் தடத்திலிருந்து நான் மாறவே இல்லை.

ஃபோர்மேனின் பட்டறை தெங்கு கிளானா சாலையிலிருந்து பத்து நிமிடத்தில். அறுபது வயதுக்காரர். கண்ணாடியைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டார்.

"ரெண்டு பக்கமும் மடங்கலையா, ஒரு பக்கமா?"

"ஒரு பக்கம்தான்ணே."

"அப்ப ஃபியூஸ், சுவிட்ச் மேல சந்தேகம் கம்மி. மடக்கும்போது உள்ள 'கர்ர்'னு சத்தம் வருதா?"

"சத்தமே வராது."

"சத்தம் வந்து மடங்கலைன்னா பல்சக்கரம் போச்சு. சத்தமே இல்லைன்னா கரண்டு போகல. சரி, அந்தக் கதவோட ஜன்னல் ஒழுங்கா இறங்குதா?"

யோசித்தேன். சில நாள் அதுவும் இறங்காது. அது வேறு கோளாறு என்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. சர்வீஸ் மையத்திலும் மிரர் என்று மட்டும்தான் சொன்னேன். அவர்களும் மிரருக்கு மட்டும்தான் விலை சொன்னார்கள்.

"கதவ மெதுவா திறங்க. மிரர் பொத்தான அமுக்கிக்கிட்டே இருங்க" என்றார். கதவு பாதி திறந்ததும் கண்ணாடி திடீரென்று உயிர் வந்து அசைந்தது. இன்னும் கொஞ்சம் திறந்ததும் நின்றுவிட்டது. அவர் சிரித்தார். "கண்ணாடி நல்லாத்தான் இருக்கு லா."

கதவுக்கும் காருக்கும் நடுவே கீல் பக்கத்தில் ஒரு ரப்பர் குழாய் இருக்கும். கதவுக்குப் போகிற எல்லா வயரும் அதற்குள்தான். பத்து வருடம் கதவைத் திறந்து மூடியதில் வயர்கள் மடங்கி மடங்கி உள்ளே செம்புக் கம்பி அறுந்திருந்தது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மிரருக்கும் ஜன்னலுக்கும் ஒரே இடத்திலிருந்து கரண்டு என்பதால் இரண்டும் சேர்ந்தே படுத்தன.

"கெடாய் போத்தோங்ல பழைய மிரர் வாங்கலாம்னு நினைச்சேன்ணே" என்றேன். ஜப்பானிலும் நம்மைப் போல வலப்பக்க ஸ்டீயரிங் என்பதால், அங்கிருந்து வெட்டி வருகிற ஹாஃப் கட் சாமான்கள் இங்கே தாராளமாகக் கிடைக்கும். "வாங்கியிருந்தா அதுவும் மடங்கியிருக்காது. பிளக்ல எத்தனை பின், பார்ட் நம்பர் என்னன்னு பார்க்காம எதையும் வாங்காதீங்க. முதல்ல காசு செலவில்லாத சோதனை. அப்புறம்தான் சாமான்" என்றார்.

வேலை முடிய இரண்டு மணி நேரம். அம்மாவும் நானும் தெங்கு கிளானா சாலையில் நடந்தோம். மல்லிகை, முறுக்கு, புடவைக் கடை ஸ்பீக்கரில் பாட்டு. அம்மா முல்லைச்சரம் வாங்கினார். திரும்பியபோது அறுந்த துண்டை வெட்டி, கொஞ்சம் நீளமான புது வயர் வைத்து, ஈயப்பற்று போட்டு மூடியிருந்தார். 120 ரிங்கிட்.

மறுவாரம் மறுபடி பிரிக்பீல்ட்ஸ். அதே சந்து, அதே இடம். ரிவர்ஸ் போட்டதும் இடக் கண்ணாடி தானாகக் கீழே குனிந்து நடைபாதை ஓரத்தைக் காட்டியது. இந்தக் காரில் அப்படி ஒரு வசதி இருப்பதையே மறந்திருந்தேன். அதில் தெரிந்தது என் பின்சக்கரம். சக்கரத்துக்கு அடியில் மஞ்சள் கற்கள்.

போன முறையும் இதே இடத்தில்தான் நிறுத்தியிருந்தேன். அப்படியென்றால் அந்தப் பெரியவர் தன் பாதையில்தான் வந்திருக்கிறார். குறுக்கே நின்றது நான்தான்.

காரை வெளியே எடுத்தேன். இடம் கிடைக்க இன்னும் இருபது நிமிடம் ஆனது. கொஞ்சம் தள்ளித்தான் கிடைத்தது. லாக் பொத்தானை அழுத்தினேன். இரண்டு கண்ணாடியும் மடங்கின. ஆனாலும், இடப்பக்கம் போய் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் தோசைக்கடைக்கு நடந்தேன்.