41க்கு அடுத்தது 42

 

கொப்பி, சப்பாத்து உதவி பெறும் பிள்ளைகளின் விபரத்தை இப்போது சில குழுக்கள் இணையத்தில் பதிந்து, வீட்டுக்கொரு லிங்க் அனுப்புகின்றன. நல்ல வேலைதான். ஆனால் எங்களுக்குக் காட்டப்பட்ட ஒரு லிங்கின் கடைசியில் 41 என்று இருந்தது. (குழுவின் பெயர் வேண்டாம்.) அதை 42 ஆக்கினால் இன்னொரு வீட்டுப் பிள்ளையின் பெயர், தகப்பன் இல்லாத விபரம் எல்லாம் திறக்கிறது. இதற்கு ஹேக்கர் தேவையில்லை, தரம் 6 பிள்ளை போதும்.

மறைத்துக் கொடுப்பதை எங்கள் மார்க்கம் மேலாகச் சொல்கிறது. ஊர்காவற்றுறையில் வேதக்கார வீடோ, நெடுந்தீவில் சைவ வீடோ, வாங்குகிறவரின் கூச்சம் ஒன்றுதான்.

இலக்கம் வாய் திறந்து பேசும் என்பது நமக்குப் புதிதல்ல. பழைய அடையாள அட்டை இலக்கத்தில் முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும்.

சரி, இலக்கத்தை எழுத்தாக்கினால்? 10 இலக்கங்களோடு ஆங்கிலப் பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, மொத்தம் 62 குறிகள். நாலே குறியில் 1 கோடி 47 இலட்சத்துக்கு மேல் எண்ணலாம். தமிழ் எழுத்தைப் போட்டால் என்ன என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது. நல்ல கேள்வி. லிங்கை கொப்பி பண்ணி அனுப்பும்போது 'நெடுந்தீவு' என்ற ஒரு சொல்லே 90 குறியாக நீண்டுவிடும்!

ஆனால் வெறுமனே 62 குறியில் மாற்றினால் 41 சின்ன 'எஃப்' ஆகும், 42 சின்ன 'ஜி' ஆகும். மறுபடியும் பக்கத்து வீடு. அதனால்தான் 'ஹஷ்ஐட்ஸ்' வந்தது. 2023இல் அதன் பெயர் 'ஸ்குவிட்ஸ்' ஆனது. இலவசம். குறிகளின் வரிசையைக் குலைத்துப் போடுவதால் 41உம் 42உம் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தெரியும். நூலகப் புத்தகத்துக்கும் பாட வீடியோவுக்கும் அது தாராளம்.

உதவிப் பட்டியலுக்குப் போதாது. அந்தக் குறியைத் திரும்ப இலக்கமாக்க முடியும். இரகசியம் காக்க அல்ல என்று செய்தவர்களே சொல்கிறார்கள். இங்கே எந்த இலக்கத்திலிருந்தும் பிறக்காத, குருட்டுவாக்கில் எடுத்த நீளமான குறி வேண்டும். 'யூயூஐடி' என்பது 36 குறி நீளம். நீளமென்றால் என்ன, லிங்கை யாரும் கையால் எழுதப்போவதில்லையே. அதற்கு மேல், திறக்கும்போது அந்த வீட்டுப் போனுக்கு ஓர் இரகசிய இலக்கம் போக வேண்டும்.

இந்த வருடப் பட்டியல் செய்யும் தம்பி தங்கச்சிமாரே, லிங்க் அனுப்ப முன் கடைசி இலக்கத்தை ஒன்றால் கூட்டிப் பாருங்கள். வேறு வீடு திறந்தால் அனுப்பாதீர்கள். பாடசாலை விட்ட பிறகு வந்தால் சேர்ந்து திருத்தலாம்.