ரத்தம் கசியும்போதே

எங்கம்மாவுக்கு நாற்பது வயசுக்குள்ளேயே முன்பல்லு நாலும் போயிட்டுது. உடம்புச் சூடு, அதான்னு சேரியில சொன்னாங்க. சூடு இல்லை. பல்லிடுக்கில் படிகிற அழுக்கில் கிருமி பெருகுகிறது. சில நாளில் அது காரையாக இறுகிவிட்டால் எந்தக் குச்சியும் பெயர்க்காது. ஈறு சிவக்கும், உப்பும், தேய்க்கும்போது ரத்தம் கசியும். வலிக்காது, அதுதான் மோசம். அப்போதே சுத்தம் செய்தால் ஈறு தேறிவிடும். விட்டால் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். கரைந்தது திரும்பி வராது.

அப்பாவுக்கு ரத்தமே வரலை. பீடி. புகை அந்த அடையாளத்தையும் மறைத்துவிடும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவின் வாயைத் தொடவில்லை. தள்ளி நின்று பார்த்துவிட்டு, “நீங்கள்லாம் பல்லே தேய்க்க மாட்டீங்களே” என்றார். அம்மா தினமும் தேய்த்தது, செங்கல்பொடியில். அது ஈறையே அரைத்துத் தேய்த்தது. பசி தெரியாமலிருக்க நடவு முழுக்க போயிலையை அதக்கிக்கிட்டிருக்கும். அதக்கின இடத்தில் ஈறு கீழே இறங்கிப்போச்சு. அந்தப் போயிலை, கூலியோடு சேர்த்துப் பண்ணையில் கொடுத்தது.

இப்போ என் மகளுக்கு ஈறு சிவந்திருக்கு, ரத்தம் வருது. திங்கட்கிழமை கூட்டிப்போறேன். வாயைத் தொட்டுப் பார்க்கிறவரைக்கும் அங்கேயே நிற்பேன்.